விவரமான தராசு

எடைக் கருவிகளைப் பழுது பார்ப்பதில் அந்த மெக்கானிக்கின் கையைக் குறை சொல்ல ஆளில்லை. அவர் தொட்ட தராசு பொய் சொன்னதாக யாரும் வந்து நின்றது கிடையாது. ஆனால் இங்கிலீஷ் என்று வந்துவிட்டால் மனிதர் பாரத்தை மச்சான் தலையில் இறக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கடைத்தெருவில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் கடை வைத்திருந்தான். நாள் முழுக்க இங்கிலீஷ் எழுத்துகளை வெட்டி வெட்டி ஒட்டுகிறவனுக்கு இங்கிலீஷ் தெரியாமலா போகும் என்பது மெக்கானிக்கின் எண்ணம்.

பார்சல் அலுவலகத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மேடைத் தராசு இருந்தது. கீழே சாமான் வைக்க இரும்புப் பலகை, மேலே கடிகாரம் மாதிரி வட்ட முகம், அதில் ஒற்றை முள். அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டினார் மெக்கானிக். வேலை அப்படி அமைந்துவிட்டது. பலகையில் ஒரு தாளை வைத்தால்கூட முள் சிலிர்த்துக்கொண்டு ஒரு மயிரிழை நகர்ந்தது. அவருக்கே மெய்சிலிர்த்தது. நாலடி தள்ளி நின்று அதன் அழகை ரசித்துக்கொண்டிருக்கும்போது, அங்கே மூட்டை தூக்கும் பயில்வான் வந்து, பலகை மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, தராசின் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு டீ குடிக்க ஆரம்பித்தார்.

மெக்கானிக் யோசித்தார். வாயால் சொன்னால் இன்றைக்குக் கேட்பார், நாளைக்கு மறப்பார். எழுதி ஒட்ட வேண்டும். தமிழில் ஒட்டினால் படித்துவிட்டுச் சாய்வார்கள். இங்கிலீஷில் ஒட்டினால் படிக்கத் தெரியாதவர்கூட ஓரடி தள்ளி நிற்பார். அது அவர் அனுபவம். மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், சின்ன எடைக்கெல்லாம் முள் ஆடும்ல, அதுக்கு இங்கிலீஷ்ல என்னமோ சொல்வாங்களே, சென்சி... சென்சி..."

"சென்சிபிள், அத்தான்."

"சென்சிடிவ்னு இல்ல கேட்ட மாதிரி இருக்கு?"

"ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான் அத்தான். சென்சிபிள்ல ஒரு எழுத்து கம்மி. உங்களுக்கும் பார்க்க அடக்கமா இருக்கும்."

அப்படித்தான் தராசின் நெற்றியில் 'திஸ் மெஷின் இஸ் வெரி சென்சிபிள்' என்ற சிவப்பு ஸ்டிக்கர் ஏறியது. மெக்கானிக் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு வேறு ஊர் வேலைகளுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

பார்சல் அலுவலகத்துக்காரர்களின் பிழைப்பே ஸ்டிக்கரை நம்புவதுதான். 'இந்தப் பக்கம் மேலே' என்று ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் மேலே. 'கவிழ்க்காதே' என்றால் கவிழ்க்கமாட்டார்கள். ஏன், எதற்கு, உள்ளே என்ன என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. அதிலும் புதிதாக மாற்றலாகி வந்திருந்த மேலாளர் அம்மாள் எழுத்துக்கு எழுத்து பார்க்கிறவர். நல்ல இங்கிலீஷ் தெரிந்தவரும்கூட. அதுதான் தொல்லையாகிவிட்டது. முதல் நாள் காலையில் தராசின் முன்னால் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்டிக்கரை இரண்டு தடவை படித்தார்.

"இந்தத் தராசுக்கு விவரம் உண்டுன்னு போட்டிருக்கு" என்றார்.

"விவரம்னா, மேடம்?" என்றார் கவுண்டர்காரர்.

"நாலையும் யோசிச்சு, நிதானமா முடிவு எடுக்கிற குணம். சென்சிபிள்னா அதுதான் அர்த்தம். யார் ஒட்டினது?"

"மெக்கானிக் மேடம்."

"உள்ளே கழற்றிப் பார்த்தவர். தெரியாமலா ஒட்டியிருப்பார்?"

எல்லோரும் தராசைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்த வட்ட முகத்தில் ஒரு களை இருக்கத்தான் செய்தது.

முதலில் யோசனை கேட்டது பயில்வான். பல் வலி அவரை ஒரு வாரமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது. 'எடுத்துவிடலாமா?' என்று ஒரு தாளில் எழுதிப் பலகையில் வைத்தார். முள் ஆடியது. ஆடினால் ஆமாம் என்று கவுண்டர்காரர் பொருள் சொன்னார். பயில்வான் நேராகப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வலி போயே போய்விட்டது. அவ்வளவுதான், தராசின் பேர் தெருவெல்லாம் பரவியது.

மேலாளர் அம்மாள் லீவு விண்ணப்பங்களைத் தராசில் வைத்துத்தான் முடிவு செய்தார். முள் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவு நாள் லீவு. ஊழியர்கள் லேசுப்பட்டவர்களா? ஒரு வாரத்துக்குள் விண்ணப்பங்கள் அட்டைப்பெட்டிக் கிழிசலில் எழுதப்பட்டு வர ஆரம்பித்தன. ஒருவர் பலகைத் துண்டிலேயே எழுதிக்கொண்டு வந்து ஒரு மாத லீவு வாங்கிப் போனார். லீவு தருவதில் இவ்வளவு தாராள மனசுள்ள அதிகாரியை அந்த அலுவலகம் கண்டதில்லை என்று தராசைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

வாடிக்கையாக வரும் சோதனைக்கு மெக்கானிக் திரும்பி வந்தபோது வாசல் வரைக்கும் வரிசை நின்றது. ஒருவர் கையிலும் பார்சல் இல்லை. வரிசையின் தலைமாட்டில் ஒரு கணவனும் மனைவியும். வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்க வந்தவர்கள். கணவர் 'நீலம்' என்று தாளில் எழுதி வைத்திருந்தார். மனைவி 'மஞ்சள்' என்று எழுதிய தாளுக்கு அடியில் வீட்டுச் சாவிக்கொத்தைச் செருகி வைத்திருந்தார்.

"வாங்க மெக்கானிக் சார், உட்காருங்க" என்று கவுண்டர்காரர் தன் நாற்காலியையே விட்டுக்கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அங்கே யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. டீ வந்தது. "ஒண்ணு கேட்கணும் சார். புத்தியை இதுல எந்த இடத்துல வெச்சிருக்கீங்க?"

விஷயம் முழுவதையும் கேட்டு முடிப்பதற்குள் மெக்கானிக்கின் டீ ஆறிப்போயிற்று. பொய் சொல்லக் கூடாது, அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. யாருக்கு என்ன நஷ்டம்? மஞ்சள் அடித்தால் வீடு இடிந்துவிடப் போகிறதா?

அப்போது பயில்வான் வந்து, "அண்ணே!" என்று வாயெல்லாம் சிரிப்பாகச் சிரித்தார். அந்த வாயில் சிரிப்பைத் தவிர வேறு அதிகமாக எதுவும் இல்லை. மேல் வரிசையை முடித்துவிட்டுக் கீழ் வரிசையில் பாதி வந்திருந்தார்.

"என்னய்யா இது? பல்லெல்லாம் எங்கே?"

"ஒண்ணொண்ணா கேட்டேண்ணே. ஒண்ணுக்குக்கூட வேணாம்னு சொல்லல."

மெக்கானிக்குக்குப் பகீரென்றது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் காற்றில் பயில்வானின் தாள் படபடத்தால் முள் ஆடாமல் வேறென்ன செய்யும்? உடனே வெளியே ஓடி மச்சானுக்குப் போன் போட்டார்.

"ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னியே பாவி! ஒருத்தன் புத்திமான், ஒருத்தன் தொட்டாச்சிணுங்கியாம்டா! இங்க ஒரு மனுஷன் வாயை இழந்து நிக்கிறான்!"

"கோபப்படாதீங்க அத்தான். 'பிள்'ளை எடுத்துட்டு 'டிவ்'வைப் போட்டுருவோம். அரை மணி நேர வேலை."

அரை மணி நேரத்தில் பழைய ஸ்டிக்கர் உரிந்து, 'வெரி சென்சிடிவ்' ஏறியது. மெக்கானிக் மேலாளர் அம்மாளிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்பாயிடுச்சு மேடம். இதுக்குப் புத்தியெல்லாம் கிடையாது. சின்னச் சின்னதையும் உணரும். அவ்வளவுதான்."

அம்மாளின் முகம் மாறிவிட்டது. "உணருமா?"

"ஆமாம் மேடம். ரொம்ப நல்லா உணரும்."

"அப்போ இத்தனை நாளா அது மேல நாம..." என்று ஆரம்பித்த மேலாளர் அம்மாள் முடிக்கவில்லை. பயில்வான் தான் தூக்கித் தூக்கிப் போட்ட மூட்டைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதை மெக்கானிக் பார்த்தார். பல் போன துக்கம் இப்போதுதான் வருகிறதாக்கும் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்துக் கவுண்டர்காரர் போனில் கூப்பிட்டார். ரகசியம் பேசுகிற மாதிரி குரல்.

"சார், கொஞ்சம் வர முடியுமா? பார்சல் கூரையைத் தொட்டுடுச்சு."

"சத்தமாப் பேசுங்க, காது கேட்கல."

"முடியாது சார். அது பக்கத்துலதான் நிக்கிறேன்."

மெக்கானிக் போய்ப் பார்த்தார். தராசின் பலகை மேல் பஞ்சு மெத்தை விரித்திருந்தது. மூட்டைகளைப் பிரித்து, ஒரு கைப்பிடி ஒரு கைப்பிடியாக வைத்து எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே தராசுக்கு ஓய்வு. பயில்வான் ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்க" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் வைத்தார். கவுண்டரில் ஒரு வாடிக்கையாளர், "என்னங்க, வீட்ல போட்டப்போ இதைவிடக் கம்மியாத்தானே காட்டிச்சு?" என்று கேட்டார். அலுவலகமே அவரை முறைத்தது.

மேலாளர் அம்மாள் வாடிக்கையாளரை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "உங்க கண் எதிரிலேயே உங்களை ஒருத்தர் பொய்யன்னு சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

மெத்தைக்கு மேலே எடை போட்டால் முள் கண்டபடி அலையாமல் என்ன செய்யும்? அது அலைய அலைய, மனசு சரியில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் இன்னும் குரலைத் தாழ்த்தினார்கள்.

அன்று வீட்டில் மெக்கானிக் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு மனைவி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"ஒரு இரும்புக்கு மெத்தை போட்டு, மன்னிப்புக் கேட்டுட்டுப் பாரம் வைக்கிறாங்க. எனக்கும் ஒண்ணு அடிச்சுத் தரச் சொல்லுங்க உங்க மச்சானை. நெத்தியில ஒட்டிக்கிறேன்."

"அவன் உன் தம்பிதானே? நீயே கேளு."

"பார்த்தீங்களா, இதைத்தான் சொல்றேன்" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எதைச் சொல்கிறாள் என்று மெக்கானிக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

காலையில் மச்சான் கடைக்குப் போய் உட்கார்ந்தார். "புத்தியும் வேணாம், மனசும் வேணாம்டா. பார்த்துக் கையாளணும். அவ்வளவு மட்டும் சொல்ற மாதிரி ஒரு வார்த்தை கொடு. பார்சல்காரங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தையா இருக்கட்டும்."

மச்சான் யோசிக்கவே இல்லை. அலமாரியிலிருந்து ஒரு சுருளை உருவினான். "ஃப்ரஜைல்! யாரோ ஆர்டர் கொடுத்துட்டு வாங்காம போனது. கண்ணாடிச் சாமான் மேல ஒட்டுவாங்களே. இதைப் பார்த்தா பார்சல்காரன் தூக்கத்துலகூட ஜாக்கிரதையா இருப்பான் அத்தான்."

இதில் எந்தப் பழுதும் இருப்பதாக மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை. போய் மெத்தையை எடுத்தார், பழையதை உரித்தார், புதியதை ஒட்டினார். இனி மனசு பற்றிய பேச்சே கிடையாது என்று எல்லோருக்கும் விளக்கினார். மேலாளர் அம்மாள் 'ஃப்ரஜைல்' என்பதைப் படித்துவிட்டு, "இது எங்களுக்குத் தெரியும்" என்றார். மெக்கானிக் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை பார்சல் அலுவலகத்துக் கூடத்தில் தராசு இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு பெரிய மரப்பெட்டி நின்றது. நாலு பக்கமும் வைக்கோல் பிதுங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஊழியர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?" மேடம் போட மறந்துவிட்டது மெக்கானிக்குக்கு.

"ஃப்ரஜைல்னு ஒட்டின எதையும் நாங்க வெறுமனே நிக்க விடமாட்டோம். அது பார்சல். வைக்கோல் வெச்சு, பெட்டியில அடிச்சு அனுப்பறதுதான் முறை" என்றார் மேலாளர் அம்மாள். "ஆனா அனுப்ப முடியல."

"முகவரி இல்லாமலா?"

"முகவரி பரவாயில்ல, விசாரிச்சுக்கலாம். எடை போடாம எந்தப் பார்சலையும் பதிவு பண்ண முடியாது. இருக்கிறது ஒரே தராசு. அது உள்ளே இருக்கு."

"பெட்டியைத் திறந்துடுங்க."

"கட்டின பார்சலைப் பிரிக்கிற உரிமை எனக்குக் கிடையாது. வாங்கறவர் மட்டும்தான் பிரிக்கலாம்."

மெக்கானிக் பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அவருக்குச் சட்டம் தெரியாது. ஆனால் எந்தப் பூட்டும் எங்கேயாவது ஓரிடத்தில் கழன்றுதான் ஆக வேண்டும் என்பது தெரியும்.

"மேடம், பதிவு பண்றதுக்கு முன்னாடி, அனுப்பறவர் வேணாம்னு சொன்னா?"

"தாராளமா எடுத்துட்டுப் போகலாம்."

"ஒட்டினது நான். அனுப்பறவன் நான்னு வெச்சுக்குங்க. எனக்கு வேணாம், எடுத்துட்டுப் போறேன்."

மேலாளர் அம்மாள் நெடுநேரம் யோசித்தார். விதியில் தடை எதுவும் தென்படவில்லை. "போங்க" என்றார்.

பயில்வானும் இன்னும் மூன்று பேரும் பெட்டியை மெக்கானிக்கின் வேனில் ஏற்றினார்கள். அவர் வண்டியைக் கட்டடத்தின் பின்பக்கம் திருப்பி நிறுத்தி, உள்ளே ஏறி, ஒரு பலகையை நெம்பி, வைக்கோலுக்குள் கையை விட்டு 'ஃப்ரஜைல்' ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். நகம் பிய்ந்தது. பலகையை மறுபடி அடித்து, மேலே பென்சிலால் 'மேலாளர், பார்சல் அலுவலகம்' என்று தமிழில் எழுதினார். பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, வரத்துப் பார்சல் இறங்குகிற கதவைத் தட்டினார்.

"பார்சல் வந்திருக்கு!"

வருகிற பார்சலை எடை போட வேண்டியதில்லை. அதை ஏற்கெனவே எங்கேயோ எடை போட்டிருப்பார்கள் என்பது அங்கே விதி. மேலாளர் அம்மாள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். வாங்கியவர் என்ற முறையில் அவரே முன் நின்று பெட்டியைத் திறக்கச் சொன்னார். வைக்கோலுக்குள்ளிருந்து வட்ட முகம் வெளிப்பட்டபோது கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அம்மாள் தராசை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் ஒட்டலையே. இதை எப்படி நடத்தணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தராசு மாதிரி நடத்துங்க மேடம்."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"மேல ஒரு மூட்டையை வைக்கணும். முள் எங்கே நிக்குதுன்னு பார்க்கணும். முடிஞ்சுது."

பயில்வான்தான் வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டைக் கடிக்கப் பார்த்து, கடிக்கப் பல் இல்லாமல் விட்டுவிட்டு, மூட்டையைத் தொப்பென்று போட்டார். முள் ஒரு சுற்றுச் சுற்றி ஓரிடத்தில் கல் மாதிரி நின்றது. தராசு ஒன்றும் சொல்லவில்லை. கவுண்டர்காரர் எடையைப் படித்தார், அதுவும் வாய்விட்டுச் சத்தமாக. அதற்கப்புறம் கூரையைத் தொட்ட பார்சல்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் மெக்கானிக் படிக்கற்களை வைத்து வைத்துத் தராசைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததற்கு மேலாளர் அம்மாளின் கையெழுத்து வேண்டும். அம்மாள் வந்து பக்கத்தில் நின்றார். கையெழுத்துப் போடவில்லை.

"அது விவரமானதா இருந்தப்போ நான் ஒரு விஷயம் கேட்கணும்னு எழுதி வெச்சிருந்தேன்" என்றார். "பலகையில வைக்கறதுக்குள்ள நீங்க வந்து மாத்திட்டீங்க."

"என்ன விஷயம் மேடம்?"

"எனக்கு ஒரு அக்கா. பேச்சுவார்த்தை இல்ல. ரொம்ப நாளாச்சு. நான் முதல்ல போன் பண்ணலாமான்னு எழுதியிருந்தேன்." மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மெக்கானிக் திரும்பித் தராசைப் பார்த்தார். எடையைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை, வீட்டில்கூட. தப்பாகச் சொல்லிவிட்டால்? படிக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"பண்ணுங்க மேடம். எடுக்கலைன்னா, கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பவும் பண்ணுங்க."

"திட்டினா?"

"திட்டினா கேட்டுக்குங்க. போன்தானே."

அம்மாள் போனை எடுத்தார். இரண்டு தடவை மணி அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். "யாரு?" என்ற அதட்டல் மெக்கானிக்குக்கே கேட்டது. அம்மாள் பேர் சொன்னார். பிறகு அக்கா பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். முதலில் "உம்" கொட்டிக்கொண்டிருந்த மேலாளர் அம்மாள் மெல்ல நிமிர்ந்து நின்றார்.

"அதை நான் எடுக்கவே இல்ல! நீதான் எடுத்தே! அம்மாகிட்டயே கேட்டிருக்கலாமே நீ!"

மெக்கானிக் கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார். பொறுங்கள் என்று அம்மாள் ஒரு கையைக் காட்டினார். சண்டை நன்றாகச் சூடு பிடித்திருந்தது. அம்மாளின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவர் அதுவரை கண்டதில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.